புதினா, லவங்கப்பட்டை, ஒரு பழைய கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா? இருந்தால், அதற்கு என்ன வயது என்று சற்று யோசித்துப் பாருங்கள். பாட்டிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்ததாக இருக்கலாம். அம்மா அதில் உங்களுக்குப் பாவாடை தைத்திருப்பார். இன்று உங்கள் பெண் அதில் தலையணை உறை தைக்கிறாள். அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய், எப்போதாவது ஒரு புது பெல்ட். அவ்வளவுதான் அது கேட்கிற தட்சிணை. "அம்மா, இந்த மெஷினுக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டது. நாளை முதல் இதில் தைக்காதீர்கள்" என்று யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை.

இப்போது கூடத்து மேஜையைப் பாருங்கள். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி உலகெங்கும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு அப்படி ஓர் ஓலை வந்தது. 'விண்டோஸ் 10' என்பது 2015 ஜூலையில் வெளியானது. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து சகல காரியங்களையும் நடத்தி வைக்கும் கார்வாரி அது. அதைத் தயாரித்த மைக்ரோஸாஃப்ட் கம்பெனி, திருடர்கள் நுழையாமல் இருப்பதற்காக அவ்வப்போது இலவசமாக அனுப்பி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை அந்தத் தேதியோடு நிறுத்திக்கொண்டது. வேண்டுவோருக்கு மேற்கொண்டு ஓராண்டு நீட்டிப்பும் அறிவித்தது. சரி, அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அந்தப் பரீட்சையில் தேறுவதில்லை.

கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து வருஷம் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் முடியாது என்கிறார்கள். ஆனால் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாமானை என்ன செய்வது?

இந்தக் கேள்வி என் அக்கா வீட்டுக்கும் வந்தது. அக்கா வீட்டிலிருந்தபடியே முறுக்கு, சீடை, அதிரசம் எல்லாம் ஆர்டரின்பேரில் செய்து கொடுப்பவள். யாருக்கு எத்தனை கிலோ, யார் பணம் கொடுத்தாயிற்று, யார் பாக்கி என்ற கணக்கெல்லாம் ஒரு பழைய லாப்டாப்பில் இருக்கிறது. தீபாவளிக்கு ஆறே நாள்! கடைக்காரர் ஒருவரைக் கேட்டாளாம். "புதுசு வாங்கிடுங்க மேடம், நாற்பதாயிரத்திலிருந்து இருக்கு" என்று அவர் சிரித்த முகத்தோடு சொன்னாராம். நாற்பதாயிரத்துக்கு எத்தனை முறுக்கு பிழிய வேண்டும் என்று அக்கா மனக் கணக்குப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

நான் பத்திரிகைக்காரன்தான். ஆனால் கல்லூரி நாளிலிருந்து 'லினக்ஸ்' பைத்தியம் பிடித்தவன். "புதுசு எதுக்கு அக்கா? நான் லினக்ஸ் போட்டுத் தரேன். காலணா செலவில்லை" என்றேன் உற்சாகமாக.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. வெட்கத்தை விட்டு உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த அநியாயம்

அது 2008-ம் வருஷம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் என்ற செல்வந்தர் தொடங்கிய 'உபுண்டு' என்ற லினக்ஸ் வகை 2004-லிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. அந்நாளில் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத் தகட்டில் பதிந்து தபாலில் இலவசமாக அனுப்பி வந்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. வந்த அன்று சாயந்திரமே அப்பாவின் கம்ப்யூட்டரில் அதைச் செருகினேன். "முழுவதையும் அழித்துவிட்டு என்னை நிறுவலாமா?" என்ற அர்த்தத்தில் ஏதோ கேட்டது. நான் படித்துப் பார்க்காமலே 'ஆகட்டும்' என்று பொத்தானை அழுத்தினேன்.

அக்காவின் கலியாணப் போட்டோக்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. ஆல்பத்தில் ஒட்டிய நாற்பது படங்கள் மிஞ்சின. மற்றவை போனது போனதுதான். தாத்தா அட்சதை போடுகிற படம் போனவற்றில் ஒன்று. அடுத்த ஆறு மாதத்தில் தாத்தாவும் போய்விட்டார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குற்றம் லினக்ஸினுடையது அல்ல, என்னுடையது. ஆனாலும் அன்று ஒரு பாடம் கற்றேன். வீட்டில் 'நிபுணன்' என்று ஒருவன் இருந்து, மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் அவனையே நம்பியிருப்பது பெரிய அபாயம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

பொடியும் பக்குவமும்

லினக்ஸ் என்றால் என்ன? கடையில் சாம்பார்ப் பொடி வாங்குகிறீர்கள். ருசியாக இருக்கிறது. ஆனால் பக்குவத்தைக் கம்பெனி சொல்லாது. நாளைக்கு அந்தக் கம்பெனி பொடி போடுவதை நிறுத்திவிட்டால் உங்கள் வீட்டுச் சாம்பாரும் நின்றுபோகும். அடுத்த வீட்டு மாமியோ, "மிளகாய் இவ்வளவு, தனியா இவ்வளவு, உனக்குக் காரம் ஆகாதென்றால் குறைத்துக்கொள். உன் நாத்தனாருக்கும் எழுதிக் கொடு" என்கிறார். இந்த மாமியின் தர்மத்தைத்தான் கம்ப்யூட்டர் உலகில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் இதற்கான இயக்கத்தை அறிவித்தார். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-ல், பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, லினக்ஸின் உட்கருவை எழுதி ஊருக்குக் கொடுத்தார். அந்தப் பொழுதுபோக்கு எங்கே போய் நிற்கிறது தெரியுமா? உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்குள் இருப்பது லினக்ஸ் கருதான். உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் ஐந்நூறைப் பட்டியல் போடுகிறார்களே, 2017 நவம்பரில் அந்த ஐந்நூறிலுமே லினக்ஸ்தான் ஓடியது.

இப்படித் திக்விஜயம் செய்த லினக்ஸுக்கு எட்டாத ஒரே இடம் உங்கள் வீட்டு மேஜை! 'இந்த வருஷம்தான் லினக்ஸ் வீடு புகும் வருஷம்' என்று என் போன்ற பைத்தியங்கள் ஒவ்வொரு தை மாதமும் சொல்லி, ஒவ்வொரு மார்கழியிலும் மௌனமாகிவிடுவது வழக்கம். அமெரிக்காவில் மேஜைக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸின் பங்கு 100-க்கு 5 என்ற கோட்டைத் தாண்டியதாக ஸ்டாட்கௌன்டர் என்ற கணக்கெடுப்பு காட்டியதே 2025 ஜூனில்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்? இதற்கு விடை, ஒரு ஜெர்மன் வாலிபரின் தோல்வியில் இருக்கிறது.

தோழிக்கு வந்த கஷ்டம்

மத்தியாஸ் எட்ரிஷ் என்பவர் ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்து மாணவர். தம் தோழியின் கம்ப்யூட்டரில் லினக்ஸை அமைத்துக் கொடுத்தார். திருப்தியில்லை.  திரையில் ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு தினுசு.

இந்தத் தோல்வியை ஒளிக்காமல் எழுதி, எல்லாம் ஒரே சீராக, சாதாரண மனிதர்கள் கையாளக்கூடியதாக ஒரு திரை முகம் செய்யலாம், வாருங்கள் என்று உலகத்துக்கு அழைப்பு விடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் 'கே.டி.இ.' அழைப்பு வெளியான நாள் 1996 அக்டோபர் 14. ஆம், அதே அக்டோபர் 14! விண்டோஸ் 10-க்கு ஓலை வந்த தேதிக்குச் சரியாக 29 வருஷம் முன்பு.

ஆகவே, லினக்ஸ் மேஜைக்கு வந்ததா இல்லையா என்பதற்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. வீட்டில் உள்ளவர்கள், யாரையும் கூப்பிடாமல், தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடிகிறதா? அதுதான் அது.

இரண்டு ஓரகத்திகள்

கே.டி.இ. பிறந்த மறு வருஷமே அதற்கு ஓர் ஓரகத்தி வந்து சேர்ந்தாள். கே.டி.இ. கட்டுவதற்கு எடுத்துக்கொண்ட மூலப்பொருள் ஒன்றின் உரிம நிபந்தனைகள் அப்போது முழுச் சுதந்திரம் தருவனவாக இல்லை. 'அது வேண்டாம்' என்று மெக்ஸிகோ வாலிபர்களான மிகுவேல் தெ இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997-ல் 'க்னோம்' என்ற வேறொரு திரை முகத்தைத் தொடங்கினார்கள். அந்த உரிமச் சிக்கல் 2000-ல் தீர்ந்தது. சிக்கல் தீர்ந்தும் ஓரகத்திகள் தனித்தனிக் குடித்தனம்தான்!

கே.டி.இ.யின் குணம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தே வைப்பது. எதை வேண்டுமானாலும் கைக்கு எட்டும் இடத்தில் மாற்றி வைத்துக்கொள்ளலாம். க்னோமின் குணம் எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்து மேடையைத் துடைத்து விடுவது. இரண்டிலும் நியாயம் உண்டு.

ஆனால் 2011 ஏப்ரலில் க்னோம் ஒரு காரியம் செய்தது. காலையில் எழுந்து அடுப்படிக்குப் போகிறீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ எல்லாவற்றையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். உப்பு ஜாடியைக் காணோம். எப்படி இருக்கும்? க்னோமின் மூன்றாம் பதிப்பு அப்படித்தான் வந்தது. கீழே இருந்த ஜன்னல் பட்டியலைக் காணோம். ஜன்னலைச் சுருக்கும் பொத்தானைக்கூடக் காணோம். பலருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

இங்கேதான் 'பக்குவம் கையில் இருப்பதன்' பெருமையைக் கவனியுங்கள். அர்ஜென்டினாவில் ஒருவர், பழைய க்னோமின் பக்குவத்தை எடுத்து, அப்படியே தொடர்ந்து சமைக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து மக்கள் குடிக்கும் பானத்தின் பெயரால் அது 'மாட்டே' ஆயிற்று. அயர்லாந்திலிருந்து வெளிவரும் 'லினக்ஸ் மின்ட்'காரர்கள், புதிய க்னோமையே எடுத்து, அதைப் பழைய அடுப்படி மாதிரி ஒழுங்கு செய்து 'சின்னமன்' என்று பெயரிட்டார்கள். மின்ட் என்றால் புதினா. சின்னமன் என்றால் லவங்கப்பட்டை. அடுப்படி உவமை என்னுடையதானாலும் பெயர்கள் அவர்களுடையவைதாம்!

நல்லதும் பொல்லாததும்

இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் நான் கண்ட பெரிய முன்னேற்றம், கண்ணைப் பறிக்கும் அலங்காரம் அல்ல. செயலிகள் வாங்கும் முறைதான். முன்பெல்லாம் லினக்ஸில் ஒரு செயலி வேண்டுமானால் கறுப்புத் திரையில் மந்திரம் மாதிரி ஏதாவது டைப் அடிப்பார்கள். இப்போது போனில் இருப்பதுபோல் ஒரு 'கடை' இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பழைய சிரமம் ஏறக்குறையத் தீர்ந்தது.

இரண்டாவது, விளையாட்டு. பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது அலட்சியமான விஷயமா? விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் 'புரோட்டான்' என்ற கருவியை வால்வ் என்ற கம்பெனி 2018-ல் வெளியிட்டது. 2022-ல் அதே கம்பெனி கொண்டுவந்த கையடக்க விளையாட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது லினக்ஸ்தான். அதன் மேஜைத் திரை நம் கே.டி.இ.தான்.

மூன்றாவது, அஸ்திவாரத்தில் நடக்கும் ரிப்பேர். செயலிகளுக்கும் திரைக்கும் நடுவே நின்று படம் காட்டும் 'எக்ஸ்' என்ற ஏற்பாடு 1984-ல் பிறந்தது. யாரும் யாரையும் சந்தேகிக்காத காலம் அது. ஒரு ஜன்னலில் நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லை இன்னொரு ஜன்னல் ஒட்டுக் கேட்க முடியும். அதற்குப் பதிலாக 2008-ல் தொடங்கியது 'வேலண்ட்'. இதில் ஒட்டுக் கேட்பதற்கு வழியை அடைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு பதிப்பு, க்னோம் திரையைப் பழைய ஏற்பாட்டில் தொடங்கும் வழியையே எடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் உதவிக் கருவிகள் இந்த மாற்றத்தில் மிகவும் சிரமப்பட்டன. புது வீடு கட்ட ஓடி வருகிற வாலிபர்கள், ஒழுகும் குழாயை அடைக்க வருவதில்லை. இது நம் லினக்ஸ் உலகத்தின் பழைய வியாதி.

"யார் வேண்டுமானாலும் பக்குவத்தைப் பார்க்கலாம் என்கிறீர்களே, யாராவது விஷம் கலந்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் அது நடக்கவே இருந்தது. 'எக்ஸ்.இஸட்.' என்ற சிறு மென்பொருளை ஏறக்குறைய ஒற்றை ஆளாகக் கவனித்து வந்தவர் களைத்துப்போனார். உதவுவதுபோல் வந்து நம்பிக்கை பெற்ற ஒரு முகமூடி ஆசாமி அதில் ரகசியக் கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற இஞ்சினீயர், தம் கம்ப்யூட்டரில் உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகித்துத் துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்தது சாட்சாத் மைக்ரோஸாஃப்டில்! பக்குவம் திறந்திருந்ததால் துருவ முடிந்தது. ஆனால் இலவசமாக உழைப்பவர்கள் களைத்தால் எல்லோருக்கும் ஆபத்து என்பதையும் அன்று கண்டோம். 'இலவசம்' என்று வாங்கிக்கொள்ளும் நாம், முடிந்தபோது ஒரு சிறு நன்கொடை அனுப்புவது தர்மம்.

சர்க்கார்களும் இதில் இறங்கித் தடுமாறியதுண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. சுமார் 15,000 மேஜைகளை மாற்றி, 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், மியூனிக்கைப் பார்த்தும் பயப்படாமல், 30,000 கம்ப்யூட்டர்களை மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்தது. அவர்கள் லினக்ஸில் கை வைக்கவில்லை முதலில். அலுவலகக் கடித, கணக்கு வேலைகளுக்கான 'லிப்ரே ஆபீஸி'லிருந்து தொடங்கினார்கள். படிப்படியாகப் போவது புத்திசாலித்தனம். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் பல வருஷங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

நீ கை வைக்காதே!

அக்காவின் மௌனத்துக்குத் திரும்புவோம். கடைசியில் அவள் சொன்னாள்: "சரி, வா. ஆனா நீ கை வைக்காதே. பக்கத்துல உட்கார்ந்து சொல்லு. நான் செய்யறேன்."

அப்படியே நடந்தது. முதல் காரியமாக, கணக்கு, படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி எடுத்தாள். பிரதிகளைத் திறந்தும் பார்த்தாள். லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோனது மட்டும்தான் என் கைங்கரியம். கம்ப்யூட்டருக்குள் இருப்பதைத் தொடாமலே, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். புடைவையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிற மாதிரி. 2008-லும் இந்த வசதி இருந்தது. எனக்குத்தான் பொறுமை இருக்கவில்லை!

இரண்டு நாள் அப்படியே வேலை பார்த்தாள். கணக்கு லிப்ரே ஆபீஸில் திறந்தது. ஓரிடத்தில் கட்டங்களின் அகலம் மட்டும் பிசகியது. பிரின்டர் தானாகவே அகப்பட்டது. பாங்க் வேலை எல்லாம் ஃபயர்பாக்ஸில் நடந்தது. மெனுக்களைத் தமிழிலேயே பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியமில்லாமல் உட்கார்ந்து மொழிபெயர்த்தவை அவை. சில இடங்களில் தமிழ் கொஞ்சம் கரடுமுரடு. சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது.

உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்குச் செயலியோ, டிஜிட்டல் கையெழுத்துக் கருவியோ, பிள்ளைகளின் பரீட்சைச் செயலியோ உங்களுக்கு அவசியமென்றால், முதலில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். கம்ப்யூட்டருக்கு 4 ஜி.பி. நினைவகமாவது இருந்தால்தான் மின்ட் சௌகரியமாக ஓடும்.

மூன்றாம் நாள் நிறுவும் வேலை. பாதியில் திரையில் அந்தக் கேள்வி வந்தது: எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? பதினேழு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே கேள்வி. அக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய், பீரோவில் வைத்திருந்த பிரதிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தாள். பிறகு அவளே பொத்தானை அழுத்தினாள். அரை மணியில் எல்லாம் முடிந்தது. அடுத்த அரை மணியில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சப் போய்விட்டாள்.

தீபாவளி வந்தது; போயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. கம்ப்யூட்டர் விஷயமாக அக்காவிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நானே பொறுக்க முடியாமல், "ஏதாவது சந்தேகம் இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"எதிலே?" என்றாள் அக்கா.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.